1/24 ஜிடி40க்குச் சொந்த டீக்கால்: எதை அச்சிடுவது, எதைப் பெயின்ட்டுக்கு விடுவது

கேள்வி சுருக்கமாக இதுதான்: 1/24 அளவில் போர்டு ஜிடி40 மாடல் கார் கிட் ஒன்று கையில் இருக்கிறது. 1968இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில், கல்ஃப் எண்ணெய் கம்பெனி ஆதரவில் ஓடி ஜெயித்த கார், எண் 9. பெட்டி ரொம்பப் பழையது. உள்ளே இருந்த டீக்கால் ஷீட் (தண்ணீரில் ஊறவைத்து மாடலின் மேல் நழுவவிட்டு ஒட்டுகிற மெல்லிய அச்சுப் படலம்) மஞ்சள் பூத்துப்போய், தண்ணீரில் போட்ட முதல் துண்டே பொடிப்பொடியாக உடைந்துவிட்டது. சொந்தமாக வடிவமைத்து அச்சிட முடியுமா, எந்த மென்பொருள், எந்த பிரிண்டர், நன்றாக வந்தால் நண்பர்களுக்கு நாலு ஷீட் விற்கலாமா?

முடியும். வீட்டில் உட்கார்ந்தே முடியும், பெரிய செலவும் இல்லை. ஆனால் மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் ஒரு முடிவை எடுத்துவிடுங்கள்: இந்தக் காரில் எதெல்லாம் டீக்காலாக வரவேண்டும், எதெல்லாம் பெயின்ட்டாகவே இருக்கவேண்டும்? புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் கண்ணில் படுகிற எல்லாவற்றையும் ஷீட்டில் ஏற்றிவிடுகிறார்கள். பட்டை, வட்டம், எண், லோகோ, எல்லாமே. அப்புறம் ஒட்டும்போது பட்டை மடங்குகிறது, ஆரஞ்சு சேற்று நிறமாகிறது, வெள்ளை காணாமலே போகிறது. கல்ஃப் ஜிடி40இல் வெளிர்நீல உடம்பு, ஆரஞ்சுப் பட்டை, வெள்ளை எண் வட்டம் மூன்றும் இருக்கின்றன. வீட்டுப் பிரிண்டருக்குச் சிக்கலான மூன்றும் ஒரே காரில். இந்தக் காருக்கு ஒழுங்காகச் செய்துவிட்டால் வேறு எந்தப் பந்தயக் காருக்கும் தைரியமாக இறங்கலாம்.

உடைந்த ஷீட்டைத் தூக்கி எறியாதீர்கள். தண்ணீர் படாத மிச்சப் பகுதியை ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு சேர்த்து வைத்து 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து வையுங்கள். எந்தத் துண்டு எவ்வளவு பெரிது, எந்த இடத்தில் உட்காருகிறது என்பதற்கு அது நல்ல வழிகாட்டி. ஆனால் அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய கிட் ஷீட்களில் எழுத்து வடிவம் தோராயமாக இருக்கும், நிறம் பிசகியிருக்கும், சில லோகோக்கள் அனுமதிப் பிரச்சினையால் விட்டுப்போயிருக்கும். நிஜமான ஆதாரம் புகைப்படங்கள்தான்.

புகைப்படம் தேடும்போது ஒரு விஷயம். நீங்கள் செய்யப்போகிற காரின் சேஸிஸ் எண் பி/1075. அது 1968இல் பெத்ரோ ரொட்ரிகஸ், லூசியன் பியாங்கி இருவரும் ஓட்டி ஜெயித்த கார். அந்த வருடம் பிரான்சில் மே மாதக் கலவரங்களால் பந்தயம் ஜூனிலிருந்து செப்டம்பர் 28, 29க்குத் தள்ளிப்போனது. அடுத்த வருடம் ஜூனில் அதே சேஸிஸ், எண் 6 போட்டுக்கொண்டு, ஜாக்கி இக்ஸ், ஜாக்கி ஆலிவர் கையில் மறுபடியும் ஜெயித்தது. அதுவும் 24 மணி நேரம் ஓடி முடித்து, போர்ஷே 908ஐ நூற்றுச் சொச்சம் மீட்டர் வித்தியாசத்தில். ஆகவே 'லெ மான்ஸ் வென்ற கல்ஃப் ஜிடி40' என்று தேடினால் இரண்டு வருடப் படங்களும் கலந்து வரும். போதாக்குறைக்கு, பின்னாளில் புதுப்பித்து காட்சிக்கு வைத்த கார், ரெப்ளிக்கா கார்கள், பொம்மைக் கார்கள் எல்லாம் அதே வரிசையில் நிற்கும். புதுப்பித்த காரில் பெயின்ட் கடைக்காரர் தன் கைக்கு வந்தபடி எண்ணை எழுதியிருப்பார். எனவே பந்தய நாளில், அந்தப் பந்தயத் தடத்திலேயே எடுத்தது என்று உறுதியாகத் தெரிகிற படங்களை மட்டும் தனி ஃபோல்டரில் போடுங்கள். முன்பக்கம், இடம், வலம், பின்பக்கம், மேலிருந்து என்று ஐந்து கோணம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இடமும் வலமும் ஒன்றுபோலவே இருக்கும் என்று எண்ணிக் கண்ணாடிப் பிம்பமாகப் போட்டுவிடாதீர்கள். பந்தயக் கார்களில் அது அடிக்கடி பொய்க்கும்.

ஒரே கார் பந்தயத்துக்குப் பந்தயம் வேறு முகம் காட்டும் என்பதற்கு ஃபார்முலா ஒன்னில் ஓடிய ஜோர்டன் அணியைவிட நல்ல உதாரணம் கிடையாது. அவர்களின் மஞ்சள் காரில் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் சிகரெட் விளம்பரம் இருந்தது. புகையிலை விளம்பரம் கூடாது என்ற நாடுகளில் அதே எழுத்துகளில் சிலவற்றை மட்டும் விட்டுவைத்து 'பி ஆன் எட்ஜ்' என்று மாற்றிப் போட்டார்கள். 1998இல் 'பஸ்ஸின் ஹார்னெட்ஸ்' என்று எழுதி மூக்கில் குளவி முகமே வரைந்தார்கள். நரேன் கார்த்திகேயன் 2005இல் ஓட்டிய ஜோர்டன் 19ஆம் எண் காரை யாராவது செய்வதென்றால், முதலில் எந்தப் பந்தயத்துக் கார் என்று தீர்மானித்துக்கொண்டுதான் வரைய உட்காரவேண்டும். மெல்போர்னில் அவர் அறிமுகமான காரா, இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்து புள்ளி வாங்கிய காரா? 'அந்த சீசன் கார்' என்று பொதுவாக ஒன்றை வரைந்தால் எந்தப் பந்தயத்துக்கும் பொருந்தாத கார்தான் வரும்.

சரி, உங்கள் ஜிடி40க்கு வருவோம். அளவு எடுக்க நிஜக் காரிலிருந்து ஒரே ஒரு உறுதியான எண் போதும். ஜிடி40இன் வீல்பேஸ், அதாவது முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை, 95 அங்குலம். மில்லிமீட்டரில் 2413. அதை 24ஆல் வகுத்தால் 100.5 மி.மீ. முதலில் உங்கள் மாடலில் இதை அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் முன்பின் இருந்தால் கவலையில்லை. ஆனால் மாடலின் அளவு என்னவோ அதையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டீக்கால் ஒட்டப்போவது அதன்மேல்தான். அடுத்து, நேர் பக்கவாட்டில், தூரத்திலிருந்து டெலிஃபோட்டோ லென்ஸில் எடுத்த படம் ஒன்றை எடுங்கள். கிட்டே நின்று எடுத்த படத்தில் அருகிலிருப்பது பெருத்துத் தெரியும், கணக்கு தப்பும். அந்தப் படத்தில் சக்கர மையங்களுக்கு இடையே 1200 பிக்சல், கதவிலுள்ள எண் வட்டத்தின் அகலம் 240 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 240ஐ 1200ஆல் வகுத்து 100.5ஆல் பெருக்கினால் 20.1 மி.மீ. இதே கணக்கில் லோகோ, எழுத்து, பட்டை அகலம் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

வட்டத்தின் அகலத்தை அளக்கச் சொன்னேன், உயரத்தை அல்ல. காரணம் உண்டு. ஜிடி40 கதவின் பக்கம் செங்குத்துச் சுவர் கிடையாது, மேலும் கீழும் உள்ளே வளைகிறது. பக்கவாட்டுப் படத்தில் அந்த வட்டம் லேசாக நசுங்கி, உயரம் குறைந்த நீள்வட்டமாகத் தெரியும். படத்தில் தெரிகிறபடியே நீள்வட்டமாக வரைந்து ஒட்டினால் மாடலில் இரண்டு மடங்கு நசுங்கும். நிஜக் காரில் அது வட்டம்தான், உலோகத் தோலின் மேல் வளைந்து கிடக்கிற வட்டம். அகலத்தை விட்டமாக வைத்து முழு வட்டம் வரையுங்கள், வளைவை மாடலே பார்த்துக்கொள்ளும். எண் 9க்கும் அதே விதி. படத்தில் அது குள்ளமாகத் தெரிந்தால் உயரத்தைக் கொஞ்சம் இழுத்துக் கொடுங்கள்.

வளைவான இடங்களுக்குக் கணக்கு போதாது, வார்ப்பு எடுக்கவேண்டும். உடம்பின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறுகிறபடி ஒட்டி, கதவுக் கோடு, பானெட் கோடு, விளக்கு ஓரம் எல்லாவற்றையும் கூர்மையான பென்சிலால் தேய்த்துப் பதியுங்கள். பட்டை எங்கே போகும், வட்டம் எங்கே உட்காரும் என்றும் அதிலேயே வரைந்துவிடுங்கள். பிறகு மொத்தமாக உரித்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். தட்டையாக ஒட்டிக்கொண்ட பகுதிகளில் டீக்கால் சிரமமில்லாமல் உட்காரும். எங்கே டேப் சுருங்கி அலையடிக்கிறதோ, எங்கே கத்தரித்தால்தான் படியும் என்று அடம்பிடிக்கிறதோ, அங்கே டீக்காலும் அதையேதான் செய்யும். தேங்காய்க்கு நியூஸ்பேப்பர் சுற்றுகிற கதைதான், இரண்டு பக்கமும் வளைகிற பரப்பில் தட்டைத் தாள் மடிப்பில்லாமல் உட்காராது. ஜிடி40இன் மூக்கு அப்படிப்பட்ட இடம். அதனால் என் தீர்ப்பு: ஆரஞ்சுப் பட்டையை அச்சிடவே வேண்டாம். பெயின்ட் அடியுங்கள்.

இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும், டீக்கால் கேட்டவரிடம் பெயின்ட் அடி என்கிறாரே என்று. ஆனால் நல்ல டீக்கால் வடிவமைப்பில் பாதி வேலை இந்தப் பிரிப்புதான். பட்டையின் இரு ஓரத்திலும் ஓடுகிற மெல்லிய கருநீலக் கோடு இருக்கிறதே, அது மட்டும் டீக்காலாக வரட்டும். கருநீலம் எந்த அடிநிறத்தின் மேலும் நன்றாக நிற்கும். மெல்லிய கோடு என்பதால் வளைவில் மடங்காமல் திரும்பும். அதோடு ஆரஞ்சும் நீலமும் சந்திக்கிற பெயின்ட் விளிம்பில் சின்னப் பிசிறு இருந்தால் அதையும் மூடிவிடும். பெயின்ட்டில் வந்த பட்டைக்கு டீக்காலில் வந்த ஓரம், இரண்டும் சேர்ந்தால் மொத்தமும் ஒரே கையால் வந்ததுபோல இருக்கும்.

அந்த நிறச் சேர்க்கைக்கும் ஒரு பின்கதை உண்டு. கல்ஃப் கம்பெனியின் சொந்த நிறம் கருநீலமும் ஆரஞ்சும். அந்த வெளிர்நீலம், கல்ஃப் வாங்கிய வில்ஷயர் என்ற கலிஃபோர்னியா எண்ணெய் கம்பெனியிலிருந்து வந்தது. இந்த ஜிடி40ஐப் பந்தயத்தில் இறக்கிய ஜான் வையர் அணி, 1967இல் மிராஜ் என்ற காரில் அதைப் பூசிக்கொண்டு இறங்கியது. ஆரஞ்சும் வெளிர்நீலமும் நேருக்கு நேர் முட்டினால் கண் கூசும். நடுவில் கருநீலக் கோடு வந்ததால்தான் இரண்டும் ஒன்றாக உட்கார்ந்தன. மாடலில் அந்தக் கோட்டைத் தவறவிட்டவர்களின் காரைப் பார்த்தால் ஏதோ குறைகிறது என்று தோன்றும், என்னவென்று உடனே பிடிபடாது.

பட்டைக்கு மாஸ்க், அதாவது பெயின்ட் படக்கூடாத இடத்தை மூடுகிற மறைப்பு, வெட்ட ஒரு சுலப வழி: நம் ஊரில் நம்பர் பிளேட்டுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுகிற கடைகளில் பிளாட்டர் மெஷின் இருக்கும். உங்கள் வெக்டர் ஃபைலை (பிக்சலாக இல்லாமல் கோடும் வளைவுமாக வரைந்த ஃபைல்) கொடுத்தால் வளைவு ஓரத்தையும் அழகாக வெட்டித் தருவார்கள். அந்த வினைலை மாஸ்காக மட்டும் பயன்படுத்துங்கள், அதுவும் பசையை உள்ளங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பலத்தைக் குறைத்துவிட்டு. அந்த வினைலையே காரில் ஒட்டி விட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். 80 மைக்ரான் தடிமனான வினைல், 24 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், கிட்டத்தட்ட 2 மி.மீ. தகடு. எந்தப் பந்தயக் காரிலும் அவ்வளவு தடித்த எண் கிடையாது. தண்ணீரில் ஊறி நழுவுகிற டீக்கால் படலம் அதைவிடப் பலமடங்கு மெல்லியது, மேலே கிளியர் (நிறமில்லாத வார்னிஷ்) அடித்தால் விளிம்பே மறைந்துவிடும்.

இனி வரைவது. இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள் இலவசம், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். கோரல் டிரா பழக்கம் இருந்தால் அதிலேயே செய்யுங்கள், பிரின்டிங் கடைக்காரர்களுக்கும் அது கைவந்தது. எதுவானாலும் வெக்டரில் வரையவேண்டும் என்பதுதான் முக்கியம். இணையத்தில் கிடைக்கிற லோகோப் படத்தை அப்படியே ஷீட்டில் வைத்தால், ஓரத்தில் சாம்பல் பிக்சல்கள் அச்சில் புள்ளிப்புள்ளியாக விழும். டாக்குமென்டை ஏ4 அளவில், மில்லிமீட்டர் கணக்கில் ஆரம்பியுங்கள். முதல் லேயரில் டேப் வார்ப்பின் ஸ்கேன், அதன் மேல் புகைப்படம், அதன் மேல் உங்கள் கோடுகள். கீழ் இரண்டையும் லாக் செய்துவிடுங்கள்.

எண் 9ஐ எப்படி வரைவது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் பார்க்கிறவர் கண் முதலில் போகிற இடம் அதுதான். ஃபான்ட் பட்டியலில் ஒன்றைத் தேடிப் போட்டுவிட ஆசை வரும். அந்தக் காலப் பந்தய எண்கள் பல கையால் எழுதியவை, ஃபான்ட்டில் கிடைக்காது. தலையின் வட்டம் சரியான வட்டமாக இருக்காது, வால் முடிகிற கோணம் ஒவ்வொருவர் கைக்கும் மாறும், உள்ளே இருக்கிற துளை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். புகைப்படத்தை அடியில் வைத்து, பெசியே பேனாவால் (மென்பொருளில் வளைகோடு வரைகிற கருவி) வளைவின் உச்சிகளில் மட்டும் நோட் எனும் புள்ளி வைத்துக்கொண்டு போங்கள். மேல், கீழ், இடம், வலம் என்ற உச்சிகளில் நோட், அவற்றின் கைப்பிடி நேர்க்கோடாக. மொத்த 9க்கும் பன்னிரண்டு, பதினான்கு நோட்டுக்கு மேல் வந்தால் வளைவு நடுங்கும். தானியங்கி டிரேஸ் போட்டால் நூறு நோட் வந்து கொட்டும், ஓரமெல்லாம் மேடும் பள்ளமுமாக. கதவின் இரு பக்கத்து 9உம் ஒரேமாதிரி எழுதப்பட்டதா என்றும் படத்தில் பாருங்கள். இல்லையென்றால் இரண்டையும் தனித்தனியாக வரையுங்கள். அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் கார் உயிர் பெறுகிறது.

சின்ன எழுத்துகளுக்குப் பிரிண்டரின் எல்லையை மனதில் வையுங்கள். 600 டிபிஐ என்றால் ஒரு புள்ளி சுமார் 0.04 மி.மீ. 0.1 மி.மீ. கோட்டுக்கு இரண்டரைப் புள்ளிதான் கிடைக்கும், அதற்குக் கீழே போனால் கோடு விட்டுவிட்டு வரும். நிஜக் காரில் 25 மி.மீ. உயர எழுத்து 1/24இல் ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும். படிக்க வரும், ஆனால் எழுத்துக்குள் இருக்கும் இடைவெளிகள் மை நிரம்பி அடைபடும். அதனால் சின்ன எழுத்துகளில் இடைவெளியை நிஜத்தைவிட ஒரு நூல் அதிகமாக்குங்கள், தடிப்பைக் கொஞ்சம் குறையுங்கள். எழுத்தை எல்லாம் கடைசியில் பாத்தாக, அதாவது வெறும் வரைகோடாக, மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் வேறு கணினியில் திறக்கும்போது ஃபான்ட் மாறிப்போகும்.

இப்போது எல்லாரையும் படுத்துகிற விஷயம்: வெள்ளை. வீட்டு இங்க்ஜெட்டும் சாதாரண லேசரும் வெள்ளை அச்சிடாது. அவற்றின் மை ஒளி ஊடுருவக்கூடியது, தாளின் வெள்ளையை நம்பித்தான் நிறம் காட்டுகிறது. கிளியர் டீக்கால் தாளில் ஆரஞ்சு அச்சிட்டு வெளிர்நீலத்தின் மேல் ஒட்டினால் இரண்டும் கலந்து மண் நிறமாகும். மஞ்சள் பச்சையாகும். கறுப்பும் கருநீலமும் மட்டும் தப்பிக்கும். வெள்ளை டீக்கால் தாளும் கிடைக்கிறது, ஆனால் அதில் ஒவ்வொரு உருவத்தையும் ஓரத்தை ஒட்டி வெட்டவேண்டும். எழுத்துகளுக்கு அது நடக்காத காரியம். வெட்டிய விளிம்பில் வெள்ளைக் கோடும் எட்டிப் பார்க்கும்.

உங்கள் காரில் இதைச் சமாளிக்க வழி இருக்கிறது. கதவு வட்டத்தை, காம்பஸ் கட்டரால் வெட்டிய மாஸ்க் வைத்து, வெள்ளைப் பெயின்ட்டில் அடித்துவிடுங்கள். எண் 9 மட்டும் கிளியர் தாளில் கறுப்பாக அச்சாகட்டும். அதை வெட்டும்போது 9இன் ஓரத்தை ஒட்டி வெட்டாமல், வெள்ளை வட்டத்தின் அதே விட்டத்துக்கு வட்டமாக வெட்டுங்கள். அப்போது படலத்தின் விளிம்பு வெள்ளை வட்டத்தின் விளிம்போடு போய்ச் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் செய்த டீக்காலில் ஷீட் முழுக்கப் படலம் இருக்கிறது, கடை டீக்கால்போல உருவத்தைச் சுற்றி மட்டும் இல்லை. எனவே எங்கே வெட்டுவது என்பதும் வடிவமைப்பின் பகுதிதான். வெட்டுக்கோட்டையும் தனி லேயரில் வரைந்து வையுங்கள். முடிந்தவரை அது கதவுக் கோட்டிலோ நிறம் மாறுகிற இடத்திலோ விழட்டும்.

கல்ஃப் லோகோ கொஞ்சம் வேலை வாங்கும். ஆரஞ்சு வட்டு, கருநீல எழுத்து. நீல உடம்பின் மேல் வருகிற வட்டுக்கு அடியில் வெள்ளை வேண்டும். இரண்டு அடுக்காகச் செய்யலாம்: வெறும் வெள்ளை டீக்கால் தாளில் வட்டு ஒன்றைப் பஞ்ச் செய்து முதலில் ஒட்டுங்கள், காய்ந்ததும் அதன் மேல் கிளியர் தாளில் அச்சிட்ட லோகோ. அடியில் வைக்கிற வெள்ளை, ஓரத்தில் 0.1 மி.மீ. சின்னதாக இருக்கட்டும். சமமாக வைத்தால் முடியளவு நகர்ந்தாலும் வெள்ளைப் பிறை தெரியும். பெரிய அச்சகங்களும் வெள்ளை அடித்தளத்தை இப்படித்தான் உள்ளே இழுத்து வைக்கிறார்கள்.

பிரிண்டர் என்று கேட்டிருந்தீர்கள். கையில் லேசர் இருந்தால் லேசரே நல்லது. டோனர் தண்ணீருக்குக் கரையாது, கறுப்பு அடர்த்தியாக விழும். தாள் அமைப்பில் தடித்த தாள் அல்லது லேபிள் என்று கொடுங்கள், வேகம் குறைந்து டோனர் நன்றாகப் பிடிக்கும். இங்க்ஜெட்டில் நிற மாற்றங்கள் மென்மையாக வரும், ஆனால் மேலே கிளியர் அடிக்காமல் தண்ணீரில் போட்டால் மை ஓடிவிடும். முதல் இரண்டு பூச்சு பனிபோல லேசாக, நன்றாகக் காய்ந்தபின் ஒரு முழுப்பூச்சு. லேசர் தாளும் இங்க்ஜெட் தாளும் வேறு வேறு, மாற்றிப் போடாதீர்கள். வெள்ளை அச்சிடுகிற பிரிண்டர்களும் உண்டு. ஜப்பானின் ஆல்ப்ஸ் எம்டி வரிசை ரிப்பனில் வெள்ளையும் உலோக நிறமும் அச்சிட்டது, மாடல்காரர்கள் அதைத் தெய்வமாகக் கொண்டாடினார்கள். உற்பத்தி நின்று வெகுகாலமாயிற்று. இப்போது ஓகி போன்ற கம்பெனிகளின் வெள்ளை டோனர் பிரிண்டர் வைத்திருப்பவர்களிடம் கொடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். ஒரு காருக்காக அதை வாங்குவது வீண். நல்ல கிட்களோடு வருகிற இத்தாலியின் கார்ட்டோகிராஃப் ஷீட்கள் ஸ்கிரீன் பிரிண்டிங். ஒவ்வொரு நிறமும் தனி மை என்பதால்தான் அந்த அடர்த்தி. வீட்டில் அதை எட்ட முடியாது, எட்டவேண்டிய அவசியமும் இந்தக் காருக்கு இல்லை, ஏனென்றால் கஷ்டமான நிறங்களைப் பெயின்ட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

லோகோவின் ஆரஞ்சும் பெயின்ட் பட்டையின் ஆரஞ்சும் பொருந்தவேண்டும். திரையில் தெரிகிற ஆரஞ்சை நம்பாதீர்கள். சிவப்பு, மஞ்சள் அளவைச் சிறிது சிறிதாக மாற்றி முப்பது கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்றை அதே டீக்கால் தாளில், அதே பிரிண்டரில் அச்சிடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் அதன் எண்களை எழுதுங்கள். கிளியர் அடித்துக் காய்ந்தபின், பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் ஸ்பூன் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். எது பொருந்துகிறதோ அந்த எண்ணை ஃபைலில் போடுங்கள். ட்யூப் லைட் அடியில் பார்த்து முடிவெடுத்தால் மறுநாள் காலையில் வேறு நிறமாக இருக்கும்.

அச்சிடுவதற்கு முன் ஷீட்டின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. கோடு ஒன்று வரைந்து, முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டு அளந்து பாருங்கள். பிரிண்டர் டிரைவர் தானாகப் பக்கத்துக்குள் அடக்கி 97 சதவீதமாக்கிவிட்டால் 20 மி.மீ. வட்டம் 19.4 ஆகிவிடும், வெள்ளைப் பெயின்ட் வட்டத்தோடு பொருந்தாது. அந்தத் தாள் அச்சையே வெட்டிக் காரில் ஒட்டிப் பார்த்து, புகைப்படத்தின் அதே கோணத்தில் போனில் படம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கையில் வைத்துப் பார்க்கும்போது தெரியாத தவறு படத்தில் பளிச்சென்று தெரியும். எல்லாம் சரியென்றபின் டீக்கால் தாளில் ஒவ்வொன்றையும் மூன்று பிரதி அச்சிடுங்கள், ஓரக் கோடுகளை ஐந்தாறு. மிச்ச இடத்தில் 1969இன் 6ஆம் எண்ணையும் போட்டு வைக்கலாம், தாள் வீணாகாது.

ஒட்டுவது தனிப் பாடம், இங்கே வேண்டியதை மட்டும் சொல்கிறேன். அடியில் கிளாஸ் (பளபளப்பான) பூச்சு கட்டாயம். சொரசொரப்பான பரப்பில் படலத்துக்கு அடியில் காற்று தங்கி வெள்ளி பூத்ததுபோலத் தெரியும். மைக்ரோஸ்கேல் கம்பெனியின் மைக்ரோ செட், மைக்ரோ சால் என்ற, டீக்காலைப் படியவைக்கிற திரவங்கள் இரண்டும் நல்லவை. ஆனால் வீட்டு டீக்கால் படலம் எந்தத் திரவத்துக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பது தாளுக்குத் தாள் மாறும், ஆகவே உபரிப் பிரதியை ஸ்பூனில் ஒட்டிப் பரீட்சை வைத்துவிட்டுக் காருக்கு வாருங்கள். மேல் கிளியருக்கும் அதே பரீட்சை. லாக்கர் வகைக் கிளியரை ஒரேயடியாக ஈரமாக அடித்தால் டோனரும் மையும் கரைந்து ஓடும். முதலில் மெல்லிய தூசிப் பூச்சுகள், இடையில் காயவிட்டு. மழைக்காலத்தில், காற்றில் ஈரம் நிற்கிற நாளில் லாக்கர் அடித்தால் வெளுத்துப்போகும், வெயில் வருகிற வரைக்கும் பொறுங்கள்.

கடைசியாக, விற்பது. உங்கள் அலமாரியில் நிற்கப்போகிற காருக்கு ஒரு லோகோவை வரைந்துகொள்வதை யாரும் கேட்கப்போவதில்லை. நண்பருக்கு ஒரு ஷீட் சும்மா கொடுப்பதும் பொழுதுபோக்கின் வழக்கம்தான். காசு வாங்க ஆரம்பித்தால் விஷயம் மாறுகிறது. கல்ஃப், போர்டு இரண்டும் பதிவு பெற்ற வணிகச் சின்னங்கள், அவற்றை அச்சிட்டு விற்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். விற்கத்தான் ஆசையென்றால் சின்னம் இல்லாதவற்றை விற்கலாம்: நீங்கள் கையால் வரைந்தெடுத்த எண்கள், வெள்ளை வட்டங்கள், பல அகலங்களில் ஓரக் கோடுகள். பழைய பந்தயக் கார் செய்கிறவர்களுக்கு உண்மையில் அதிகம் தேவைப்படுவது அவைதான். ஒரே 9ஐ நாலு அளவில் போட்டுக் கொடுத்தால் 1/24 மட்டுமல்ல, 1/43 செய்கிறவரும் வாங்குவார்.